மாடி அறையில் வைஃபை நிற்பதில்லை: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

திருச்சிப் புறநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரின் கடிதம் இது. சுருக்கித் தருகிறேன். கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட வீடு. உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற நெட் வேக அளவு) ஃபைபர் இணைப்பு. ஒயர் ஈபி கம்பத்திலிருந்து மொட்டைமாடிக்கு வந்து, வெளிச்சுவர் வழியாக இறங்கி, கீழே ஹாலுக்குள் நுழைகிறது. ரூட்டர் டிவி ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மருமகள் மாடியில், சமையலறைக்கு நேர்மேலே உள்ள அறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறார். மீட்டிங்கில் அவர் பேசுவது எதிர்முனையில் விட்டுவிட்டுக் கேட்கிறது, மாலை ஏழு மணிக்கு மேல் படுமோசம். ஹாலில் போனில் வேகம் பார்த்தால் 90-க்கு மேல், அந்த அறையில் 6 அல்லது 7. ஆனாலும் சிக்னல் கோடு அங்கே இரண்டு, மூன்று தெரிகிறது.

கேபிள்காரர் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார். கடைக்காரர் 1,500 ரூபாய்க்கு ‘பூஸ்டர்’ தருகிறேன் என்கிறார். ரூட்டரை மாடிக்குக் கொண்டுபோனால் கதிர்வீச்சு பேத்திக்கு ஆகாது என்று வீட்டுக்காரர், அதாவது கணவர், தடுக்கிறார். பக்கத்து வீட்டாருக்கு பாஸ்வேர்டு கொடுத்து மாதம் 200 ரூபாய் வாங்கிக்கொள்வதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கேபிள்காரர் மீது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் ரூட்டர் பக்கத்தில் 90-க்கு மேல் வருகிறது என்றால் கேபிள்காரர் கொடுக்க வேண்டியது வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஹாலுக்கும் மருமகளின் அறைக்கும் நடுவில்தான் அது தொலைகிறது. 300 வாங்கினால் ரூட்டர் வரை 300 வரும், கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே போவது அதே 6, 7-தான். மாதாமாதம் கூடுதல் பணம் மட்டும் நிச்சயம். இன்னொன்று: குறைந்த விலை ரூட்டர்கள் பலவற்றில் ஒயர் செருகும் துளைகள் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் தாங்காது. அப்படிப்பட்ட பெட்டியில் 300 திட்டம் போட்டாலும் ஒயரில் 94, 95-ஐத் தாண்டாது. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணை வைத்து இதைத் தெரிந்துகொள்ளலாம்.

அலுவலக வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு இரு திசையிலும் 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அப்படியானால் 6 வந்தும் ஏன் குரல் உடைகிறது? மீட்டிங்குக்குத் தேவை வேகத்தைவிடத் தடங்கலில்லாத ஓட்டம். அறையில் கிடைக்கும் அந்த 6 சீராக வருவதில்லை. ஒரு விநாடி 12, அடுத்த விநாடி பூஜ்யம் என்று குதித்து, சராசரியில் 6 என்று காட்டுகிறது.

கோடு இருந்தும் பேச்சு வராதது ஏன்?

சிக்னல் கோடு என்பது ரூட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதற்கான தோராயக் கணக்கு, அவ்வளவுதான். போனோ லேப்டாப்போ திரும்பப் பேசுவது ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்வதில்லை. ரூட்டரை விட அவற்றின் ஒலிபரப்புச் சக்தி பெரும்பாலும் குறைவு. அதனால்தான் மற்றவர்கள் பேசுவது உங்கள் மருமகளுக்குக் கேட்கிறது, அவர் பேசுவது அவர்களுக்கு உடைகிறது.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ‘வைஃபை அனலைசர்’ வகைச் செயலி ஒன்றை இறக்கினால் சிக்னலை டிபிஎம் என்ற அளவில் காட்டும். எல்லாமே மைனஸ் எண்கள், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. -50 என்றால் பிரமாதம். -67 வரை மீட்டிங் தொல்லையில்லாமல் ஓடும். -75-க்குக் கீழே போனால் இணைப்பு இருக்கும், பேச்சு இருக்காது. ஒவ்வொரு 10 இறக்கத்துக்கும் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். ஹாலில் -45, அறையில் -75 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேலே வந்து சேர்கிறது.

உங்கள் வீட்டு அமைப்பில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஹாலிலிருந்து சமையலறைக்கு நேர்மேலே உள்ள அறைக்கு சிக்னல் குறுக்காக ஏற வேண்டும். கம்பி கட்டிய தளத்தைச் செங்குத்தாகக் கடப்பதற்கும் சாய்வாகக் கடப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சாய்வாகப் போனால் கான்கிரீட்டுக்குள் கடக்கும் தூரம் கூடுகிறது, வழியில் மாட்டும் கம்பியும் கூடுகிறது. போதாததற்கு நடுவில் ஒன்பது அங்குலச் சுவர், கீழே ஃபிரிட்ஜ், மேலே அறைச் சுவரை ஒட்டி இரும்பு பீரோ என்று கடிதத்தோடு அனுப்பிய வரைபடத்தில் குறித்திருக்கிறீர்கள். இரும்புப் பரப்பு எதுவாக இருந்தாலும் சிக்னலை வந்த வழியே திருப்பிவிடும்.

முதலில் செலவில்லாத வேலைகள்

ரூட்டரை இன்றே ஷோகேஸை விட்டு வெளியே எடுங்கள். டிவியின் பின்பக்கம் முழுக்க உலோகத் தகடு. அதை ஒட்டி ரூட்டரை வைப்பது, பாதி வீட்டுக்கு சிக்னல் வேண்டாம் என்று நாமே சொல்வதற்குச் சமம். கதவு மூடிய அலமாரிக்குள் சூடும் ஏறும், சூடேறினால் சில ரூட்டர்கள் தாமாக அணைந்து அணைந்து எழும். தரையிலிருந்து ஐந்து, ஆறு அடி உயரத்தில், மாடிப்படி கண்ணில் படும் இடமாகப் பார்த்து வையுங்கள். படிக்கட்டுத் திறப்பில்தான் உங்கள் வீட்டில் கான்கிரீட் இல்லை. சிக்னல் சுலபமாக மேலேறக்கூடிய ஒரே வழி அதுதான்.

ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைத்தால் சிக்னல் பக்கவாட்டில்தான் பரவும், தலைக்கு நேர்மேலே குறைவாகவே போகும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கவைத்தும் பாருங்கள். பெரிய அதிசயம் நடக்காது, ஆனால் மாடி வீட்டில் சில டிபிஎம் கிடைக்கும்.

அடுத்து செட்டிங். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு (பிரவுசரில் அடிக்கும் முகவரி பெரும்பாலும் 192.168.1.1) நுழையும் பாஸ்வேர்டு கேபிள்காரரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். உங்கள் ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, இப்போதைக்கு மாடி அறை லேப்டாப்பை 2.4-இல் மட்டும் இணையுங்கள். 2.4-இல் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் சிறு தடம்) ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை அந்த மூன்றுதான். அக்கம்பக்கத்து வைஃபைகள் எந்தச் சேனலில் நெரிகின்றன என்பதை அதே செயலி காட்டும், நெரிசல் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் 3, 4 என்று நடுவில் ஓர் எண்ணைப் போட்டு ‘யாரும் இல்லாத சேனல்’ என்று மகிழ்வார்கள். அங்கே இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், 40 வேண்டாம். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால், அது ஓடும் நேரத்தில் 2.4 தடுமாறுவது இயல்பு.

மாலை ஏழு மணிச் சிக்கலும் பக்கத்து வீடும்

இதைக் கொஞ்சம் நேரடியாகவே சொல்கிறேன். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில், பலவீனமான சிக்னலில் இருக்கும் கருவி அதே வீடியோவை வாங்க மற்றவர்களை விடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். பேருந்து வாசற்படியில் நின்று சில்லறை எண்ணும் ஒருவரால் பின்னால் உள்ள வரிசையே நிற்பதைப் போன்றது இது. இரண்டு சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டில் மாலையில் யாராவது வீடியோ பார்த்தால், உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேகம் குறையும். மருமகளின் அறையே சிக்னலின் ஓரத்தில் இருப்பதால் முதலில் அடிபடுவது அவர்தான்.

சட்டப்படியும் இது உங்களுக்கு நல்லதல்ல. வீட்டு இணைப்பைப் பணம் வாங்கிக்கொண்டு பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பது பொதுவாக எல்லா நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் இருக்கும் நிபந்தனை. அதைக் காட்டி இணைப்பைத் துண்டிக்கவும் செய்யலாம். அதைவிட முக்கியம், அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் வருவது உங்கள் பெயருக்கு. பக்கத்து வீட்டார் நல்லவர்களாகவே இருக்கலாம், அவர்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரையும் உங்களுக்குத் தெரியாது. ‘மருமகள் ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே கையோடு பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ2’ அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், பாஸ்வேர்டு அடிக்காமலே இணையவிடும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள்.

ஆனால் மாலை நெரிசல் கேபிள்காரர் பக்கத்திலும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ‘பிங்’ (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) வசதியுள்ள நெட்வொர்க் செயலி ஒன்றில், மாடி அறையில் இருந்தபடி இரவு எட்டு மணிக்கு முதலில் 192.168.1.1-க்கும், பிறகு 8.8.8.8-க்கும் நூறு தடவை பிங் அனுப்புங்கள். முதலாவது உங்கள் ரூட்டர், இரண்டாவது வெளியுலகம். ரூட்டருக்கே 200, 300 மில்லிவிநாடி என்று குதித்தால் குற்றவாளி வைஃபை. ரூட்டருக்கு 5, 10-க்குள் சீராக இருந்து, வெளியே மட்டும் குதித்தாலோ தவறினாலோ குற்றவாளி கேபிள்காரரின் லைன். பாஸ்வேர்டு மாற்றுவதற்கு முன் ஒரு நாள், மாற்றிய பின் ஒரு நாள் செய்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

நிலையான தீர்வு

காற்றில் போவதை ஒயரில் போகவைப்பதுதான் தீர்வு. உங்கள் வீட்டில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை: ஃபைபர் மொட்டைமாடியிலிருந்து இறங்கும்போது முதல் மாடியைத் தாண்டித்தான் கீழே வருகிறது. அதைப் பாதி வழியிலேயே நிறுத்தி, ரூட்டரை மாடிப்படி முடியும் இடத்துச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். இருக்கும் ஒயரே மிச்சமாகும், புதிதாக இழுக்க வேண்டியதில்லை. ஷிஃப்டிங் என்று ஒரு சிறு தொகை கேட்பார்கள். அருகில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் முன்னேற்பாடு.

அங்கிருந்து மருமகளின் மேஜைக்கு ஒரே தளத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் லேன் ஒயர் (ரூட்டரையும் கருவியையும் நேரடியாக இணைக்கும் நெட் ஒயர்) போதும், கான்கிரீட்டைக் குடைய வேண்டாம். கேட் 6 ஒயர், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை குறைவு, முனை சீக்கிரம் ஒடியும். நடுவில் ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டவே வேண்டாம். சுவருக்குள் பைப் இருந்தாலும் மின்சார ஒயர் ஓடும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்கக் கூடாது. இரைச்சல் ஒருபுறம் இருக்கட்டும், காப்பு உரிந்தால் 230 வோல்ட் லேப்டாப்புக்கு வந்துவிடும். மொட்டைமாடி வழியாகவும் கொண்டுபோகாதீர்கள். மின்னலடிக்கும் நாளில் வெளியே கிடக்கும் செம்பு ஒயர் இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைக் காவு வாங்கும். ஃபைபருக்கு அந்த ஆபத்து இல்லை, அது கண்ணாடி இழை.

இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் லேன் ஒயர் செருகும் துளையே இல்லை. யுஎஸ்பி லேன் அடாப்டர் தேவைப்படும். வாங்குவதற்கு முன், அலுவலக லேப்டாப்பில் வெளி அடாப்டரை அனுமதிக்கிறார்களா என்று மருமகளை அவர்கள் ஐடி பிரிவில் கேட்கச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் தடுத்து வைத்திருக்கும்.

ஷிஃப்ட் செய்யும்போது இரண்டைக் கவனியுங்கள். ஃபைபரைச் சுவர் மூலையில் மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள். இறுக்கமாக வளைந்தால் ஒளி கசிந்துவிடும். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் அளவு இருக்கும், அதுவும் டிபிஎம்மில்தான். -15 முதல் -25 வரை இருந்தால் நிம்மதி. -27-ஐத் தாண்டினால் மழை நாளில், ஒளி வரவில்லை என்று சொல்லும் ‘எல்.ஓ.எஸ்’ சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது வைஃபை டிபிஎம் அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரூட்டர் மேலே போனால் ஹால் டிவி? படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும் சிக்னல் பெரும்பாலும் போதும். உயர்தர 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ்-தான் வேண்டும். போதவில்லை என்றால் இன்னொரு ரூட்டரைக் கீழே ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஆக, அதாவது முதல் ரூட்டரிலிருந்து ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக வைக்கலாம். வீட்டில் பழைய ரூட்டர் கிடந்தால் அதுவே போதும்: அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை) அணைத்து, முதல் ரூட்டரின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒயர் கொடுக்க வேண்டும். ‘வான்’ (WAN) என்று குறித்த, வெளி இணைப்புக்கான துளையில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பெயரும் பாஸ்வேர்டும் அதேதான், சேனல் மட்டும் மேலே 1, கீழே 11. ரூட்டரை நகர்த்தவே முடியாது என்றால் இதே ஏற்பாட்டைத் தலைகீழாக, ரூட்டர் கீழும் ஆக்சஸ் பாயின்ட் மேலுமாகச் செய்யலாம். என்ன, லேன் ஒயரைப் படிக்கட்டு ஓரமாக ஏற்ற வேண்டும்.

கடைக்காரரின் பூஸ்டர்

அதன் சரியான பெயர் ரிப்பீட்டர். சிக்னலைக் கேட்டு அதையே திரும்பச் சொல்லும். 1,500 ரூபாய் வகைகளில் கேட்பதும் சொல்வதும் பெரும்பாலும் ஒரே சேனலில் நடப்பதால் வேகம் பாதியாகும். அதை மாடி அறையிலேயே செருகினால் அங்கே வரும் உடைந்த சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். கோடு மட்டும் முழுசாகத் தெரியும், மீட்டிங் அப்படியேதான் இருக்கும். வாங்கியே தீர வேண்டும் என்றால் பாதி வழியில், -65-க்கு மேல் சிக்னல் கிடைக்கும் படிக்கட்டு முனையில் செருகுங்கள். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் கருவிகள் இதைவிட மேல், ஆனால் அவற்றையும் ஒயரில் இணைத்தால்தான் முழுப் பலன். மின்சார ஒயர் வழியாகவே நெட்டைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரை நம் ஊர் வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மூன்று பேஸ் இணைப்பில் கீழ்த்தளம் ஒரு பேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருக்கும், பாதி பாயின்ட் இன்வெர்ட்டரில் இருக்கும், வேலை செய்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஓர் எச்சரிக்கை: போன் சிக்னலையும் கூட்டும் என்று மொட்டைமாடியில் ஆன்டெனா வைக்கும் ‘மொபைல் பூஸ்டர்’ வேறு சங்கதி. உரிமம் இல்லாமல் அதைத் தனியார் வைத்துக்கொள்வது இந்தியாவில் சட்டவிரோதம். வைஃபை ரிப்பீட்டருக்கு அந்தத் தடை இல்லை.

வீட்டுக்காரரின் பயம்

அவர் கவலையைத் தள்ளிவிட வேண்டாம். 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ரேடியோ அலைகளை ‘2பி’ பிரிவில், அதாவது ஆபத்து இருக்கலாம், போதிய சான்று இல்லை என்ற பட்டியலில் வைத்தது உண்மை. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. வைஃபை போன்ற பலவீனமான அலைகள் உடல்நலத்தைக் கெடுப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வீட்டு ரூட்டர் பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒலிபரப்புகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அது நான்கில் ஒன்றாகக் குறையும். பேத்தியின் காதில் ஒட்டியிருக்கும் போனை ஒப்பிட்டால் நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் ரூட்டர் ஒன்றுமே இல்லை. தவிர, நான் சொல்வது படிக்கட்டுச் சுவர், பேத்தி தூங்கும் அறை அல்ல. மருமகள் ஒயரில் வேலை பார்க்கும்போது அவருடைய லேப்டாப்பில் வைஃபையையே அணைத்துவிடலாம்.

வழக்குப் போடலாமா?

இப்போதைக்கு உங்களிடம் வழக்கு இல்லை. ஹாலில் 90-க்கு மேல் வருகிறது என்பதே கேபிள்காரருக்குச் சாதகமான சாட்சி. வைஃபை அறைக்கு அறை எவ்வளவு எட்டும் என்று அவர் உறுதி கொடுத்திருக்க மாட்டார். பிங் சோதனையில் வெளி லைன்தான் மோசம் என்று தெரிந்தால் நிலைமை வேறு. அப்போது லேப்டாப்பை ஒயரில் இணைத்து, மற்ற கருவிகளை அணைத்து, சில நாள் இரவு எட்டு மணிக்கு வேகம் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கேபிள்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது புகார் ஆகாது. பில்லில் பெயர் உள்ள நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்க வேண்டும். தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புச் சேவை அதன் வரம்புக்குள் வரும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. ஒரு சங்கடம், எதிர்த்தரப்பு பக்கத்து வீட்டு 200 ரூபாயை அங்கே எடுத்துப் பேசும். புகாருக்கு முன் அதை நிறுத்திவிடுவது உங்களுக்கு நல்லது.

ரூட்டர் இடம் மாறியதும் மறக்கக்கூடிய ஒன்று: மாடிப்படிப் பிளக் உங்கள் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் மீட்டிங் அறுபடும், ரூட்டர் மறுபடி எழுந்து லைன் பிடிக்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று இதற்குப் போதும். வாங்கும்போது ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். கீழே இரண்டாவது ரூட்டர் வைத்தால் அதற்கும் தனியாக ஒன்று வேண்டும்.